எட்டுப் புள்ளியும் மூன்று டி.சி.யும்: அலிக்விப்பா பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி மேல்வகுப்புக்குத் தள்ளப்பட்ட வழக்கு

ஊரும் அணியும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஓஹாயோ ஆற்றை ஒட்டி வடமேற்கே முப்பது கிலோமீட்டர் போனால் அலிக்விப்பா. பென்சில்வேனியா மாநிலம், பீவர் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு). ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் என்ற எஃகுக் கம்பெனி தன் ஆலைக்காகவே எழுப்பிய ஊர். 1930 கணக்கெடுப்பில் 27 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1980-களில் ஆலை படிப்படியாக ஆளைக் குறைத்தது. 2020 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 9,238 பேர்.

ஆலை போனாலும் அமெரிக்கக் கால்பந்து போகவில்லை. ஊரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மட்டும் ஆடிய மைக் டிட்கா, டை லா, டரெல் ரெவிஸ் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள் (முறையே 1988, 2019, 2023). பள்ளியின் மாநிலக் கோப்பைகள் ஐந்து: 1991, 2003, 2018, 2021, 2023.

இது அரசுப் பள்ளி. ஊர் எல்லைக்குள் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள்தான் இதில் படிக்கிறார்கள். எதிரில் வரும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. கட்டணம் கட்ட முடிந்தால், அல்லது உதவித்தொகை கிடைத்தால், அரை மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள எந்தப் பையனும் அங்கே சேரலாம். பென்சில்வேனியாவில் அரசுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் இடையிலான கோப்பைத் தகராறு முழுவதையும் ‘எல்லை உள்ள பள்ளி, எல்லை இல்லாத பள்ளி’ என்ற இரண்டு சொற்களில் பேசி முடித்துவிடுவார்கள்.

விதியின் பின்னணி

அங்கே பள்ளி விளையாட்டை நடத்துவது 1913-இல் தொடங்கிய மாநிலச் சங்கம், சுருக்கமாக பி.ஐ.ஏ.ஏ. 1972-இல் வந்த 219-ஆம் சட்டம் தனியார் பள்ளிகளுக்கும் அதன் கதவைத் திறந்தது. அதுவரை கத்தோலிக்கப் பள்ளிகள் தனிச் சங்கம் வைத்துத் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தன. சட்டம் வந்த பிறகு படிப்படியாக எல்லோருக்கும் ஒரே கோப்பை என்றானது.

பள்ளிகளை வகுப்பு பிரிப்பது தலை எண்ணி. 9, 10, 11-ஆம் வகுப்புகளில் இருக்கும் ஆண் பிள்ளைகளின் எண்ணிக்கையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி எழுதித் தர வேண்டும். 12-ஆம் வகுப்பை விட்டுவிடுவதற்குக் காரணம், அடுத்த சுற்று தொடங்கும்போது அவர்கள் பள்ளியில் இருக்கப்போவதில்லை. 2016 முதல் கால்பந்தில் ஆறு வகுப்புகள். மிகச் சிறியது 1ஏ, மிகப் பெரியது 6ஏ. விருப்பப்பட்டால் மேலே ஏறி ஆடலாம், கீழே இறங்க முடியாது.

தலை எண்ணிக்கையில் அலிக்விப்பா 1ஏ. பள்ளி பல ஆண்டுகளாகவே தானாக விரும்பி மேல்வகுப்புகளில் ஆடி வந்தது. 2018 மாநிலக் கோப்பையை வென்றது 3ஏ-வில். 2020 முதல் 4ஏ; அந்தப் படி பள்ளி விரும்பி ஏறியதல்ல, சங்கம் ஏற்றியது.

தலை எண்ணும் முறைக்குள் ஒரு கோளாறு இருக்கிறது. முந்நூறு பையன்கள் படிக்கும் எல்லை உள்ள பள்ளியில் அந்த முந்நூறு பேரும் ஊருக்குக் கிடைத்தவர்கள். அதே முந்நூறு பேர் எல்லை இல்லாத பள்ளியில் இருந்தால், அவர்கள் இரண்டு மூன்று கவுண்டிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். தாளில் இரண்டு எண்ணும் ஒன்றுதான், களத்தில் ஒன்றல்ல. சிற்றூர்ப் பள்ளிகளின் பல ஆண்டுப் புகைச்சலுக்கு மூலம் இதுதான்.

அந்தப் புகைச்சல் 2018-இல் வெடித்தது. அரசுப் பள்ளி நிர்வாகிகள் தனிக் கூட்டம் போட்டு, கோப்பையையே இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். 1972 சட்டம் கையைக் கட்டியிருக்கிறது என்று சொன்ன சங்கம், அதே ஆண்டு வேறு இரண்டு விதிகளைக் கொண்டுவந்தது.

முதலாவது இடமாற்ற விதி. பத்தாம் வகுப்பு தொடங்கிய பிறகு பள்ளி மாறும் பையன் ஓராண்டுக்கு நாக்-அவுட் ஆட்டங்களில் இறங்க முடியாது. கஷ்ட சூழ்நிலை என்று நிரூபித்தால் விலக்கு உண்டு.

இரண்டாவது ‘போட்டிச் சூத்திரம்’. இந்த வழக்கு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. மாநில அளவில் எவ்வளவு தூரம் போகிறாயோ அதற்கேற்பப் புள்ளி. இறுதி ஆட்டத்துக்கு வந்தால் 4, அரையிறுதியோடு நின்றால் 3, காலிறுதியோடு நின்றால் 2. இரண்டு ஆண்டு சுற்றில் 6 புள்ளி சேர்ந்து, அதே காலத்தில் கால்பந்து அணிக்கு இடமாற்றத்தில் வந்தவர்கள் மூவரோ அதற்கு மேலோ இருந்தால், அடுத்த சுற்றில் அந்த அணி ஒரு வகுப்பு மேலே போக வேண்டும். இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் விதி பாயும். கூடைப்பந்தில் அணி சிறியது என்பதால் ஒரே ஓர் இடமாற்றம் போதும்.

சூத்திரத்தில் தனியார், அரசு என்ற சொற்களே கிடையாது. சட்டப்படி வேற்றுமை காட்டக் கூடாது என்பதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருந்தார்கள். தனியார் பள்ளிகளைப் பற்றிய புகாருக்குப் பதிலாக எழுதிய விதி, அந்தப் பெயரை உச்சரிக்க முடியாமலே எழுதப்பட்டது. பிற்பாடு நடந்ததற்கெல்லாம் விதை இங்கே விழுந்தது.

2021 முதல் 2023 வரை

2021 டிசம்பரில் 4ஏ இறுதி. எதிரில் ஹாரிஸ்பர்க் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளியான பிஷப் மெக்டெவிட். அலிக்விப்பா 34-27 என்று வென்றது. 2022-இல் அதே இரண்டு அணிகள், அதே வகுப்பு, அதே இறுதி. இம்முறை மெக்டெவிட் 41-18. சிற்றூர் அணியும் தனியார் அணியும் அடுத்தடுத்து மோதி ஆளுக்கு ஒன்று எடுத்தன. 2023-இல் எதிரில் வந்தது லூசர்ன் கவுண்டியின் டல்லஸ் பள்ளி (டெக்சஸ் டல்லஸ் வேறு). அலிக்விப்பா 60-14.

கணக்கு இனி எளிது. 2022 இறுதிக்கு 4, 2023 இறுதிக்கு 4, ஆக 8. வரம்பு 6. இடமாற்றமும் மூன்றைத் தொட்டுவிட்டது. 2024-25, 2025-26 பள்ளி ஆண்டுகளுக்கு 5ஏ-வுக்குப் போகச் சொன்னது சங்கம். தலை எண்ணிக்கைப்படி நிற்க வேண்டிய இடத்திலிருந்து நான்கு படி மேலே.

கவனித்தவை: ஒரே பெயர் மூன்று கட்டத்தில்

நான்கு படி என்றால் களத்தில் என்ன அர்த்தம் என்பதைப் புள்ளிப் பட்டியல் சொல்லாது. கோச் கையில் இருக்கும் ஆட்டக்காரர் வரிசைத் தாள் சொல்லும்.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்க 11 பேர், தடுக்க 11 பேர், உதை ஆட்டங்களுக்குத் தனியாக 11 பேர். பெரிய பள்ளியின் தாளில் இந்த மூன்று கட்டங்களிலும் வெவ்வேறு பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்குக் கீழும் மாற்று ஆள், அவனுக்கும் மாற்று ஆள். சிறிய பள்ளியின் தாளில் ஒரே பையன் பெயர் மூன்று கட்டத்திலும் வரும்.

முன்வரிசையில் நிற்கும் ஒரு பையனை மட்டும் பாருங்கள். இந்த ஆட்டத்தில் அவனுக்கு லைன்மேன் என்று பெயர், நம் மின்வாரியத்தோடு சம்பந்தம் இல்லை. மூன்றாவது முயற்சியும் பலிக்கவில்லை, இனிப் பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துவிட வேண்டியதுதான். அதுவரை இடது முனையில் நின்று தன் ஆளை முட்டிக்கொண்டிருந்தவன் வெளியே வருவதில்லை. பந்தை உதைப்பவனுக்கு அரணாக அங்கேயே நிற்கிறான். உதைத்ததும் பந்தைப் பிடிப்பவனை மடக்க நாற்பது கெஜம் ஓடுகிறான். விசில். திரும்பி வரக்கூட அவனுக்கு நேரமில்லை. அங்கேயே தடுப்பு வரிசையில் குனிந்து கையை மண்ணில் ஊன்ற வேண்டும். எதிரில் இப்போது வந்து நிற்பவன் கடந்த ஆறு நிமிடமாக பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன்.

ஒரு பள்ளி ஆட்டத்தில் 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஓர் அணி சுமார் 50 முதல் 60 முறை பந்தை ஆடும். ஒரு பக்கம் மட்டும் ஆடுபவனுக்கு மோதல் எண்ணிக்கை அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஆடி, உதை ஆட்டங்களிலும் இறங்குபவனுக்கு 120-ஐத் தொடும். முதல் பாதியில் வித்தியாசம் கண்ணில் படாது. மூன்றாவது கால்பகுதியின் கடைசியில் படும்: இடுப்பு நிமிர்ந்துவிடும், தோள் தாழாது, முட்டும்போது தலை முன்னால் போகும். பயிற்சியாளர்கள் அஞ்சுவது இந்தத் தலையைத்தான். களைத்த பையனின் உத்தி குலைகிறது. மூளை அதிர்ச்சி, கழுத்துக் காயம் எல்லாம் அந்த நேரத்துக்காகக் காத்திருக்கின்றன.

காயத்தின் கணக்கும் வேறு. பெரிய அணியில் ஒருவன் விழுந்தால் ஓர் இடம் காலி. இரண்டு பக்கமும் ஆடுபவன் விழுந்தால் இரண்டு இடம் காலி, உதை அணியையும் சேர்த்தால் மூன்று. அந்த இடத்துக்கு இறங்குபவன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் 14 வயதுப் பையனாக இருப்பான். எதிரில் 18 வயது, 120 கிலோ. 5ஏ, 6ஏ பள்ளிகளில் அந்த எடையில் நாலைந்து பேர் இருப்பது அதிசயமில்லை.

இதைக் களத்திலேயே ஓரளவு சமாளிக்கலாம். சிறிய அணிகளின் வழக்கமான உபாயங்கள்: முன்வரிசையின் ஐந்து இடத்துக்கு ஏழு பேரைப் பழக்கி, தொடருக்கு ஒருவராகச் சுழற்றுவது, ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓடும் 40 விநாடிக் கடிகாரத்தை ஐந்து விநாடி மிச்சம் வரை ஓடவிட்டு, மொத்த முயற்சிகளையே குறைப்பது, உதை ஆட்டங்களிலிருந்து லைன்மேன்களை எடுத்துவிட்டு எடை குறைந்த இரண்டாம் வரிசையை இறக்குவது, வாரத்தில் முழு மோதல் பயிற்சியை ஒரே நாளோடு நிறுத்திக்கொள்வது. ஒரு வகுப்பு மேலே போனால் இவை போதும். தொடர்ந்து பத்து வாரமும் பெரிய அணிகளே எதிரில் வந்தால் மூன்றாவது வாரத்திலேயே சுழற்ற ஆள் தீர்ந்துவிடும். சிக்கல் ஒரு பெரிய ஆட்டத்தில் இல்லை, சீசன் முழுக்க நீளும் தேய்மானத்தில் இருக்கிறது.

எதிர்வாதத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 60-14 என்று இறுதியை வென்ற அணி ‘எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து’ என்றால் தோற்ற ஊர்க்காரர் சிரிப்பார். பென்சில்வேனியாவில் இரண்டாம் பாதியில் வித்தியாசம் 35 புள்ளியைத் தொட்டால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட விடுவார்கள். அந்த நிலைக்கு எதிரணியைத் தள்ளும் அணி இது. 4ஏ-வில் இதனிடம் சிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் கழுத்து இருக்கிறது. சங்கத்தின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது.

எடுத்த முடிவுகள்

பள்ளி மாவட்டத்தின் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) முன் மூன்று வழிகள் இருந்தன: பேசாமல் 5ஏ-வில் ஆடுவது, சங்கத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்வது, நீதிமன்றம் போவது. நான்காவதும் ஒன்று உண்டு. நாக்-அவுட்டை விட்டு விலகி, தனக்குத் தோதான அணிகளோடு மட்டும் ஆடுவது. கோப்பை வழக்கமுள்ள ஊரில் அதை யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

முதலில் மேல்முறையீடு. வாதத்தின் மையம் பாதுகாப்பு. 2024 தொடக்கத்தில் சங்கம் மறுத்துவிட்டது. அதன் பிறகு மாவட்டம் பீவர் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. (இந்த ஊர் வழக்குக்குப் புதிதல்ல. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக அலிக்விப்பா ஆலை பத்துப் பேரை வேலையை விட்டு நீக்கிய வழக்கில்தான், 1937-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தேசியத் தொழிலுறவுச் சட்டத்தைச் செல்லும் என்றது.)

கேட்டது இடைக்காலத் தடை. காரணம் நாட்காட்டி. வழக்கு முழுதாக நடந்து தீர்ப்பு வருவதற்குள் சீசன் முடிந்திருக்கும், 12-ஆம் வகுப்புப் பையன் பள்ளியை விட்டே போயிருப்பான். இப்படிப்பட்ட தடை கேட்பவர் காட்ட வேண்டியவை சில: பணத்தால் ஈடுகட்ட முடியாத உடனடிப் பாதிப்பு, தடை தருவதைவிட மறுப்பதில் தீங்கு அதிகம், வழக்கில் வெல்லும் வாய்ப்பு உண்டு, பொதுநலனுக்குக் கேடில்லை. விளையாட்டுச் சங்கங்களின் உள்விவகாரங்களில் நீதிமன்றங்கள் தலையிடத் தயங்கும் என்பது பொது அனுபவம். ‘எங்களுக்கு அநியாயம்’ என்று மட்டும் போயிருந்தால் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகம். உடற்காயத்தைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது என்ற வாதம் முதல் நிபந்தனையோடு அப்படியே பொருந்துகிறது. பாதுகாப்பை முன்னால் வைத்தது சரியான முடிவு.

விளைவு

நீதிபதி தடை வழங்கினார். 2024 சீசனில் அலிக்விப்பா 4ஏ-விலேயே ஆடியது. கோப்பை அதற்குக் கிடைக்கவில்லை.

யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2024-இன் 4ஏ இறுதியில் மோதிய இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள், வென்றது பிஷப் மெக்டெவிட். அதே ஆண்டு 6ஏ இறுதியிலும் இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள், வென்றது பிலடெல்ஃபியாவின் செயின்ட் ஜோசஃப்ஸ் பிரெப். 2018 முதல் 2024 வரை ஏழு ஆண்டுகளில் ஆறு முறை 6ஏ கோப்பை அந்த ஒரே பள்ளிக்கு.

6ஏ-வுக்கு மேலே வகுப்பு இல்லை. எத்தனை புள்ளி சேர்ந்தாலும் அந்தப் பள்ளியைத் தள்ள இடம் கிடையாது. ஆக, புகாரை அதிகம் கிளப்பிய உச்சியைச் சூத்திரம் தொடவே தொடாது. அது பிடிக்கக்கூடியது நடுவில் நிற்பவர்களைத்தான்.

அடுத்தது டி.சி. கணக்கு. எட்டாம் வகுப்பை முடித்து ஒன்பதில் புதிதாகச் சேருபவன் இடமாற்றக் கணக்கில் வரமாட்டான். எல்லை இல்லாத பள்ளி தன் ஆட்களைச் சேர்ப்பது பெரும்பாலும் அந்த வாசலில். மூன்று கவுண்டிகளிலிருந்து முப்பது பேர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாலும் இடமாற்றம் பூஜ்யம். ஆலை மூடிய ஊரில் நிலைமை தலைகீழ். வாடகை கட்ட முடியாமல் பக்கத்து ஊருக்குப் போய்ப் பத்து மாதத்தில் திரும்பும் குடும்பம், பாட்டி வீட்டுக்கு அனுப்பப்படும் பையன், வளர்ப்புக் குடும்பம் மாறும் பையன் என்று நடு வகுப்புகளில்தான் வரத்தும் போக்கும். விதி காரணத்தைக் கேட்பதில்லை, எண்ணிக்கையை மட்டும் கேட்கிறது. எல்லைக்குள் பிறந்து, வெளியே போய், திரும்பி வந்த பையனும் அதற்கு ஓர் ‘இடமாற்றம்’தான்.

வேறு மாநிலங்கள் வேறு வழி போயிருக்கின்றன. இல்லினாய் 2005-இல் எல்லை இல்லாத பள்ளிகளின் தலை எண்ணிக்கையை 1.65 ஆல் பெருக்கத் தொடங்கியது. டென்னசி 1997-இல் உதவித்தொகை தரும் தனியார் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவு அமைத்தது. நியூ ஜெர்சியில் அரசுப் பள்ளிக்கும் தனியாருக்கும் தனித்தனிப் பிரிவுகள். இந்தியானா பென்சில்வேனியா போலவே வெற்றிப் புள்ளியை நம்புகிறது. இரண்டு ஆண்டில் ஆறு புள்ளி சேர்த்தால் ஒரு வகுப்பு மேலே, அதற்கு இடமாற்றக் கணக்கே வேண்டாம். இவற்றில் பெருக்கும் முறைதான் நோயின் இடத்தைத் தொடுகிறது, ஏனென்றால் அது வெற்றியை விட்டுவிட்டு எல்லையை அளக்கிறது. அதிலும் குறை உண்டு. விலக்கு வைக்காவிட்டால், வாரா வாரம் தோற்கும் சின்னத் தனியார் பள்ளியையும் அது சேர்த்தே பெருக்கிவிடும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

விதி எழுதுபவர் பக்கத்தில் இரண்டு திருத்தங்கள் போதும். தலை எண்ணிக்கை சொல்லும் வகுப்பிலிருந்து எந்த அணியையும் இரண்டு படிக்கு மேல் கட்டாயமாகத் தள்ளக் கூடாது. தானாக ஏறிய படிகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால், விரும்பி ஏறி ஆடிய பள்ளிக்கு அந்தத் துணிச்சலே தண்டனையாக முடிகிறது. இரண்டாவது, பள்ளி எல்லைக்குள் முன்பே படித்தவன் திரும்பி வந்தால் அதை இடமாற்றமாக எண்ணக் கூடாது.

பள்ளியின் பக்கத்தில் வேலை இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும், சீசனின் முதல் வாரத்திலேயே. இடமாற்றத்தில் வரும் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கக் கோப்பு: முன்பு எந்தப் பள்ளி, எந்தத் தேதியில் வந்தான், யாருடன் தங்கியிருக்கிறான், வாடகைச் சீட்டோ காப்பாளர் ஆவணமோ நகல், அந்த சீசனில் எத்தனை ஆட்டத்தில் இறங்கினான். மேல்முறையீட்டுக்குச் சில வாரங்களே கிடைக்கும். அந்த நேரத்தில் போய்த் தேடினால் பாதிக் குடும்பம் முகவரி மாறியிருக்கும்.

அதோடு மோதல் எண்ணிக்கைப் பதிவு. ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்து, ஒவ்வொரு பையனும் தாக்குதலில் எத்தனை, தடுப்பில் எத்தனை, உதை ஆட்டத்தில் எத்தனை என்று மூன்று பத்தியில் எழுத ஓர் உதவிப் பயிற்சியாளருக்கு இரண்டு மணி நேரம் போதும். காயம்பட்டால் எந்தக் கால்பகுதியில், அதுவரை எத்தனையாவது மோதல் என்பதை நான்காவது பத்தியில் எழுதலாம். ‘எங்கள் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள்’ என்று கோச் சொன்னால் அது ஒரு கருத்து. ‘முன்வரிசையில் ஐந்தில் நான்கு பேர் ஆட்டத்துக்கு நூறு மோதலைத் தாண்டுகிறார்கள், எதிரணியில் ஒருவரும் அறுபதைத் தாண்டவில்லை’ என்று பத்து வாரத் தாளை மேசையில் வைத்தால் அது சாட்சி. வெற்றிப் புள்ளி நாலைத் தொட்ட ஆண்டிலேயே இந்தத் தாளைத் தொடங்கிவிட வேண்டும். எட்டான பிறகு தொடங்கினால் கையில் இருப்பது ஒரு சீசன்கூட இராது.